தொடுதிரைக்குப் பாடு போட்ட பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக்கூடத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்த சார்' என்று பெயர் எடுக்கக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே இருக்கும் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களே இரண்டு பேர்தான். ஒருவர் தலைமையாசிரியை நூருன்னிசா டீச்சர். மற்றவன் நான். ஒருநாள் டீச்சரின் செல்போன் எதைத் தொட்டாலும் அசையாமல் கல் மாதிரி நின்றுவிட்டது. நான் வாங்கி, அணைத்து, மறுபடி போட்டுக் கொடுத்தேன். உயிர் வந்துவிட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து நான் தொழில்நுட்ப வல்லுநர்.

இது நடந்து பத்து வருஷம் இருக்கும். பழவேற்காட்டில் இறங்கி, கோட்டைக்குப்பத்தையும் தாண்டி, ஏரியை ஒட்டியே உள்ளே போனால் வரும் ஒரு குப்பத்தின் தொடக்கப்பள்ளி அது. ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள், ஒரு கொடிக்கம்பம். (கொடி ஏறாத நாட்களில் கம்பத்திலிருந்து ஜன்னல் வரை யாராவது வலை காயப்போட்டிருப்பார்கள்.)

நான் மீஞ்சூர்க்காரன். காலையில் ரயில். பொன்னேரியில் இறங்கிப் பஸ். பழவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ. சாயங்காலம் ஆட்டோ கிடைக்காத நாட்களில் மீன்கூடை ஏற்றிய குட்டி லாரியில் தொற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வருவேன். அந்த நாட்களில் மட்டும் ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் தாராளமாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

என் மகள் நிலா அப்போது இரண்டாம் வகுப்பு. நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போது தூங்கப் போயிருப்பாள். அவள் பள்ளியில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னார்களாம். அம்மாவை வரைந்தாள், தன்னை வரைந்தாள், எதிர்வீட்டுப் பூனையை வரைந்தாள். ஓரத்தில் ஒரு ரயில். "அப்பா எங்கடி?" என்று என் மனைவி கேட்டதற்கு, "அதுக்குள்ள இருக்காரு" என்றாளாம்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது: மீஞ்சூருக்கு மாற்றல். அங்கே வட்டார அலுவலகத்தில் ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் கருத்தாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. குஷன் நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தே போய்வரலாம். இதைவிடப் பெரிய சொர்க்கத்தை எந்த மதமும் எனக்குக் காட்டியதில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளிக்குத் தொடுதிரை வந்தது. ஒரு தொழிற்சாலையிலிருந்து நன்கொடையாகக் கொடுத்தார்கள். மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போயிருந்ததால் கடைசிப் பயணம் படகில். ஊர்த் தலைவர் ஏகாம்பரம் தன் மடியில் சாய்த்துப் பிடித்தபடியே கொண்டுவந்து சேர்த்தார். இறக்கி வைத்துவிட்டு, இவ்வளவு பெரிய டிவிக்குக் கேபிள் எங்கே என்று கேட்டார். இது டிவி இல்லை, தொட்டால் வேலை செய்யும் பாடக் கருவி என்று நான் விளக்கினேன். தொட்டுப் பார்த்தார். இறால் உரித்த கைரேகை ஒன்று திரையில் விழுந்தது. அது போவதற்கு ஒரு வாரம் ஆனது.

அடுத்த பிரச்சினை, யார் தொடுவது என்பது. ஒரு திரைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க விரல்கள். வல்லுநர் என்ற முறையில் நான் ஒரு திட்டம் கொண்டுவந்தேன். நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு முதலிடம். இதன் பலனாக ஐந்தாம் வகுப்பு கிருத்திகா மட்டும் தொட்டுக்கொண்டே இருந்தாள். மற்ற எல்லாரும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரிக்கப் போய் என் சட்டைப் பொத்தான்கள் போயின. நூருன்னிசா டீச்சர் பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண்மணி. கூச்சலுக்கு நடுவில் நிதானமாகப் பேசுவது அவர் ரத்தத்தில் இருந்தது. "பசங்ககிட்டயே விட்டுடுங்க சார். அவங்க பாத்துக்குவாங்க" என்றார்.

மறுவாரம் வந்து பார்த்தால் பிள்ளைகள் தொடுதிரைக்குப் பாடு போட்டுவிட்டிருந்தார்கள்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் அந்த ஊர்களில் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இன்ன வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் பாடு. பாடு யாருடையதோ, அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவருடையது. வலை நிறைந்தாலும் அவருக்கு. வெறும் பாசி வந்தாலும் அவருக்கு. காற்று சரியில்லாமல் வலையே போட முடியவில்லை என்றால் அந்த முறை போனது போனதுதான், நாளைக்குக் கொடு என்று கேட்க முடியாது. அடுத்தவர் பாட்டில் கைவைத்தால் ஊர் கூடிவிடும்.

பிள்ளைகள் இதை அப்படியே வகுப்பறைக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கிளிஞ்சல்களில் பெயர் எழுதிக் குலுக்கி, வரிசையாக ஜன்னல் விளிம்பில் அடுக்கியிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருவர். பாடம் எல்லாருக்கும் நடக்கும். ஆனால் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவதும், எதைத் திறப்பது என்று முடிவு செய்வதும், தொடுவதும் அன்றைய பாட்டுக்காரர்தான். கரெண்ட் இல்லையா? காலை மணியிலிருந்து இடைவேளை மணி வரை பார்ப்பார்கள். அதுவரை வரவில்லை என்றால் அந்தப் பாடு போச்சு. மீதி நேரத்துக்குத் திரை பொது. சார் யாரைக் கூப்பிட்டாலும் சரி.

பாடு வரும் நாளில் பிள்ளைகள் தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். தலையில் எண்ணெய் வழியும். கரெண்ட் போய்விட்டாலும் எழுந்து போக மாட்டார்கள். கறுப்பாகக் கிடக்கும் திரைக்கு முன்னால், முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்து, இடைவேளை மணி வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். இன்றைக்கு யோசித்தால், அந்தத் திரை வேலை செய்த நாட்களைவிட வேலை செய்யாத நாட்கள்தான் எனக்குத் தெளிவாக ஞாபகம் வருகின்றன.

நான் சும்மா இருப்பேனா? இதற்கு 'மாணவர் பங்கேற்புத் தொழில்நுட்ப மேலாண்மை' என்று பெயர் வைத்து, நானே கண்டுபிடித்ததுபோல வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார். தொழிற்சாலைக்காரர்களை அழைத்துக்கொண்டு பார்க்க வருவதாகவும், செய்துகாட்டுவது நன்றாக அமைந்துவிட்டால் மீஞ்சூர்ப் பதவிக்கு என் பெயரையே எழுதிவிடுவதாகவும் சொன்னார். அன்று ராத்திரி நான் தூக்கத்தில் சிரித்ததாக என் மனைவி சொன்னாள்.

அன்றிலிருந்து கிருத்திகாவைத் தயார் செய்தேன். சூரியனும் கோள்களும் என்று தொடங்கி, ஒவ்வொரு கோளாகத் தொட்டு ஆங்கிலத்தில் விளக்கி, கடைசியில் 'இந்த அரிய வாய்ப்பை எங்களுக்கு நல்கிய பெருமதிப்பிற்குரிய' என்று தமிழில் முடிக்க வேண்டும். (பெருமதிப்பிற்குரியவர்களின் பட்டியலில் என்னையும் சேர்த்திருந்தேன். எழுதியவன் நான்தானே.) பிள்ளை கல்லில் எழுதியதுபோல மனப்பாடம் செய்துவிட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஜன்னல் விளிம்பில் கிளிஞ்சல்களை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றியது. அவர்கள் வரும் நாளில் பாடு யமுனாவுடையது.

யமுனா இரண்டாம் வகுப்பு. என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகைப்பதிவுக்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள். அவளுடைய முந்தைய பாட்டில் எழுத்து விளையாட்டு ஒன்றைத் திறந்தாள். ஒரு படம் வரும். கீழே மூன்று எழுத்துகள். படத்தின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதைத் தொட வேண்டும். யமுனா ஒன்றுவிடாமல் தப்பாகவே தொட்டாள். பாவம், இந்தப் பிள்ளைக்கு எழுத்தே ஏறவில்லை என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

பேச்சுவார்த்தையைத் தொடங்கினேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, அந்த ஒரு நாளை மட்டும் கிருத்திகா அக்காவுக்கு விட்டுக்கொடுப்பாயா என்று கேட்டேன். பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நிலாவுக்கு வாங்கிய கலர் பென்சில் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பென்சிலாக முகர்ந்தாள். மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அவளுடைய அம்மா பாக்கியம் கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"பாடு அவுளுது சார். என்னாண்ட வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? அவளைக் கேளு."

"கேட்டுட்டேம்மா. மாட்டேங்கிறா."

"அப்ப மாட்டா" என்று சொல்லிவிட்டு பாக்கியம் அடுத்த கூடையை இழுத்துக்கொண்டார்.

தலைவரிடம் போனேன். ஏகாம்பரம் வலைக் கயிற்றைப் பல்லில் கடித்தபடியே முழுக்கதையையும் கேட்டார். கயிற்றை எடுத்துவிட்டுச் சொன்னார்: "என் தங்கச்சி கல்யாணத்து அன்னிக்கு ஒரு பாடு மாத்திக் குடுடான்னு என் மச்சானைக் கேட்டேன். குடுக்கலையே. தாலி கட்ற நேரத்துல நான் ஏரியில நிக்கறேன். நீ இன்னாடான்னா ஆபீசர் வராருன்னு சொல்ற."

சாயங்கால ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் புத்தி வேலை செய்தது. பாடு தானாகப் போவதற்கு ஒரு வழி அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறதே! விருந்தாளிகள் வருவது மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு. காலை மணியிலிருந்து இடைவேளை மணி வரை கரெண்ட் இல்லை என்றால் யமுனாவின் பாடு போச்சு. பிறகு கரெண்ட் வரும். திரை பொது. கிருத்திகா சூரியனைத் தொடுவாள். நான் மீஞ்சூர் போவேன். எவ்வளவு சுலபம்.

அவர்கள் வரும் நாளன்று காலை எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். வராந்தாவில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்து, பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என் மனைவி பதவி உயர்வுக்கென்றே இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. கட்டையின் கனத்தில் பாக்கெட் பசுமாட்டு மடி மாதிரி தொங்கியது. மேலே கைக்குட்டையைச் செருகி மறைத்தேன்.

யமுனா வந்தாள். நீலப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். மணி அடித்ததும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்தாள். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள்.

"அடடா, கரெண்ட் இல்லையே" என்று நான் ஊருக்கே கேட்கும்படி வருத்தப்பட்டேன். அதே சமயம் கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. அது பேட்டரியில் ஓடுகிறது என்றேன். நூருன்னிசா டீச்சர் ஒலிபெருக்கி இருந்த திசையைப் பார்த்தார். என் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு வருகைப்பதிவை எடுக்கப் போய்விட்டார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. விருந்தாளிகள் காலையிலேயே வந்துவிட்டார்கள்.

அவர்கள் முதலில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, இறால் சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு எங்களிடம் வருவதாகத் திட்டம். தொழிற்சாலை மேடம் மட்டும், நல்ல காரியத்துக்கு முன்னால் கல்லறையா, பள்ளிக்கூடத்தை முதலில் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். அலுவலர், மேடம், கேமரா பிடித்த ஒருவர் என்று ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். பின்னாலேயே ஏகாம்பரமும் ஊர்க்காரர்களும் மாலையோடு வந்துவிட்டார்கள். பாக்கியம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

மெயின் பெட்டி இருந்த வராந்தாவில் இப்போது பாதி ஊர் நின்றது.

"எங்க சார் உங்க திரை?" என்றார் அலுவலர் என் தோளில் கைபோட்டு. கரெண்ட் இல்லை என்று சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. உடனே போனை எடுத்து மின்வாரியத்தில் யாரிடமோ பேசினார். லைனில் ஒரு குறையும் இல்லை என்றார்களாம். கேமராக்காரர், வெளியே பாட்டு கேட்கிறதே என்றார்.

"ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கும்" என்றேன்.

தமிழ்நாட்டில் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அது என்னவென்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் மனசு வராது. எல்லாரும் தலையாட்டினார்கள். சரி, கரெண்ட் வருவதற்குள் பொன்னாடை போர்த்துவதை முடித்துவிடலாம் என்று அலுவலர் சொன்னார்.

மேடம் குள்ளமானவர். நான் குனிய வேண்டியிருந்தது. சாதாரணமாகக் குனிந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் பதவி உயர்வு எதிர்பார்க்கிறவன் சாதாரணமாகக் குனிய மாட்டான். இடுப்பை மடக்கி, தலையைத் தாழ்த்தி, ஓர் அரசவைப் புலவனின் பணிவோடு குனிந்தேன். முதலில் கைக்குட்டை விழுந்தது. அடுத்து ஃபியூஸ் கட்டை.

சிமெண்ட் தரையில் 'டங்' என்றது. உடையக்கூட இல்லை. (உடைந்திருந்தாலாவது அது என்னவென்று தெரியாமல் போயிருக்கும்.) உருண்டு போய் யமுனாவின் நாற்காலிக்குக் கீழே நின்றது.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். கட்டையைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"சார், உங்களுது."

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

ஒலிபெருக்கியில் அம்மன் மட்டும் விடாமல் அருள்பாலித்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம்தான் முதலில் வாயைத் திறந்தார். கோபமே இல்லை; நம்ப முடியாத ஒரு வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது.

"இன்னா சார், பச்சப் புள்ள பாட்டுலயா கை வெச்ச?"

அலுவலருக்கு ஒன்றும் புரியவில்லை. நூருன்னிசா டீச்சர் அவருக்குப் பாடு என்றால் என்ன, அது இன்று யாருடையது, இடைவேளை மணிக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று சுருக்கமாக எடுத்துச் சொன்னார். என் திட்டத்தை என்னைவிட அழகாகச் சொன்னார். பழுது பார்ப்பதற்காகக் கழற்றினேன் என்று நான் இடையில் ஏதோ முனகினேன். அதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நான் பொன்னாடையோடு வராந்தாவுக்குப் போனேன். கூட்டம் விலகி வழிவிட்டது. எத்தனையோ பேர் பார்க்க மேடையில் பேசியிருக்கிறேன். ஊரே பார்க்க ஃபியூஸ் மாட்டியது அந்த ஒரு தரம்தான். இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை உள்ளே போனது. வகுப்பறையில் திரை ஒளிர்ந்தது. பிள்ளைகள் எல்லாரும் யமுனாவைப் பார்த்தார்கள்.

இங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மீஞ்சூர் ஆசை விடவில்லை. கிருத்திகாவின் பக்கத்தில் போய், பெரியவர்கள் எல்லாம் காத்துக்கொண்டிருக்கிறார்கள், நீ போய்ச் சூரியனை மட்டுமாவது தொடம்மா என்று கெஞ்சினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் இடைவேளை மணி அடிக்கல சார். அவ பாடு" என்றாள். அத்தனை நாள் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

யமுனா எழுத்து விளையாட்டைத் திறந்தாள். மரத்தின் படம் வந்தது. 'க'வைத் தொட்டாள். தப்பு. திரையில் ஒரு பச்சைத் தவளை எங்கிருந்தோ தாவி வந்து தண்ணீரில் குதித்தது. வகுப்பே சிரித்தது. மறுபடி தொட்டாள். தப்பு. தவளை. சிரிப்பு. மறுபடி. கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

"என்ன சார், இந்தப் பொண்ணுக்கு எழுத்தே தெரியலையே" என்று அலுவலர் என் காதில் சொன்னார். என் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. கிருத்திகாவுக்கு அது கேட்டுவிட்டது.

"அவளுக்கு எல்லாம் தெரியும் சார். சரியாத் தொட்டா 'மிக நன்று'ன்னு சொல்லிட்டு வேற படம் வந்துடும். தப்பாத் தொட்டாத்தான் தவளை குதிக்கும்."

அலுவலர் யமுனாவிடம் குனிந்து, அப்படியென்றால் எதுதான் சரி என்று கேட்டார். அவள் விரலைத் திரையில் பட்டுவிடாமல் ஜாக்கிரதையாகத் தள்ளிப் பிடித்து, 'ம'வைக் காட்டினாள். காட்டிவிட்டு 'ப'வைத் தொட்டாள். தவளை குதித்தது.

அந்தக் கருவியை யோசித்து யோசித்துச் செய்தவர்கள், சரியான விடைக்கு ஒரு பெண்குரலின் பாராட்டையும் தப்பான விடைக்குத் தண்ணீரில் பாயும் தவளையையும் வைத்திருந்தார்கள். ஏரிக்கரைப் பிள்ளை இரண்டில் எதை எடுத்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவன் வல்லுநர் ஒருவன்தான்.

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தானும் ஒரு தரம் தவளையைக் குதிக்கவைத்துப் பார்க்கலாமா என்று விரலை நீட்டினார். வகுப்பே யமுனாவைப் பார்த்தது. யமுனா மேடத்தை மேலும் கீழும் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அந்தத் திரையை வாங்கிக் கொடுத்த மேடம், சரி என்று விரலை மடக்கிக்கொண்டார். மணி அடிக்கும் வரை தவளை குதித்துக்கொண்டே இருந்தது.

ஜீப்பில் ஏறும்போது அலுவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க இந்த ஊர்லயே இருங்க சார். மீஞ்சூர்ல உங்களைக் கவனிச்சுக்க இவ்வளவு பேர் கிடையாது" என்றார். அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. அவரும் யாருடைய போனையோ அணைத்துப் போட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே தீர்ப்பும் வந்துவிட்டது. ஏகாம்பரம் பிள்ளைகளிடம், இது உங்கள் தண்ணீர், நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். பாட்டில் கைவைத்தவருக்கு ஒரு சுற்று கிடையாது. எல்லாக் கிளிஞ்சலும் ஒரு முறை சுற்றி முடிகிற வரை சார் திரையைத் தொடக்கூடாது. நூருன்னிசா டீச்சர் சந்தேகப்படும்படியான வேகத்தில் சம்மதித்தார். அந்தச் சுற்று முழுக்க நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று, "அதைத் தொடு, அது இல்லம்மா, அதுக்குப் பக்கத்துல" என்று பாடம் நடத்தினேன். சுற்று முடிந்து நான் திரும்பியபோது என்னை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. நான் காட்டாத இடங்களையெல்லாம் அவர்களே திறந்து பார்த்து முடித்திருந்தார்கள்.

வீட்டில், அந்தப் பதவியையே அரசாங்கம் எடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். ரகசியம் காலாண்டு விடுமுறை வரை தாங்கியது. நிலாவின் பள்ளிக்கு எங்களுக்கு முன்பே விடுமுறை விட்டார்கள். அவளை என்னோடு அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்தவள் நேராகத் திரைக்குப் போனாள். சாரின் பெண்ணாச்சே என்று யாரும் விட்டுவிடவில்லை. ஒரு கிளிஞ்சலில் அவள் பெயரை எழுதி வரிசையின் கடைசியில் வைத்தார்கள். தன் பாட்டுக்காக அவள் தினமும் விடிவதற்கு முன் எழுந்து என்னோடு ரயிலேறினாள். யமுனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்னிடம் பேசாத யமுனா அவளிடம் எல்லாவற்றையும் பேசியிருக்கிறாள்.

ஒருநாள் சாப்பிடும்போது நிலா ஆரம்பித்தாள். "அம்மா, அப்பா ஃபியூஸைப் புடுங்கிப் பாக்கெட்ல ஒளிச்சு வெச்சுக்கிட்டாராம்." என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அரசாங்கம் எடுத்துவிட்ட பதவி அவள் ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். மறுபடி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் அன்று சாப்பிடவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் நிலா என்னோடு வந்துவிடுவாள். திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். மீஞ்சூரில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். அந்தக் குஷன் நாற்காலி கிடைத்திருந்தால் இது கிடைத்திருக்குமா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். (முழங்கால் வலிக்கும் நாட்களில் நாற்காலியையும் நினைத்துக்கொள்வேன்.)

திரையை உப்புக்காற்று தின்றுவிட்டது. முதலில் ஓரங்கள் செத்தன. பிறகு நடுவில் ஒரு கையளவு இடம் மட்டும் உயிரோடு இருந்தது. அதற்கும் பாடு போட்டுத்தான் தொட்டார்கள். இப்போது இரண்டு அறைகளிலும் புதுத் திரைகள், கைக்கு அடக்கமான கருவிகள், கரெண்ட் போனால் பேட்டரி. யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஜன்னல் விளிம்பில் கிளிஞ்சல் இல்லை. எல்லாம் நல்லதற்குத்தான், நான்தான் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கினேன். இருந்தாலும் கரெண்ட் போகும்போது, தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு யாராவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று கண் தானாகத் தேடுகிறது.

வீட்டில் தேடுவது வேறு. போன மாதம் பொன்னேரியில் என் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து மண்டபத்தில் கரெண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. அந்த இருட்டில் என் மனைவியின் குரல் நிதானமாகக் கேட்டது.

"இன்னாங்க, குடுத்துடுங்க."

எங்கள் பக்கத்து உறவு முழுக்க இருட்டிலேயே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா, என்னத்தைக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று கவலையோடு கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் செல்போன் விளக்கு ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் சட்டைப் பாக்கெட்டில் விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

"ஒண்ணும் இல்ல அங்கிள், கரெண்ட் போனா நாங்க முதல்ல இங்கதான் பாப்போம்" என்றாள்.

வேறு வழியில்லாமல் பேனா, சீப்பு, ரயில் பாஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் கரெண்ட் தானாக வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, எனக்குப் பின்னால் சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டை ஒரு முறை பார்த்துவிட்டு, சம்பந்தி நீங்க இந்தப் பக்கம் வந்து உட்காருங்க என்று என்னைக் கையைப் பிடித்து மண்டபத்தின் நடுவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.